தலைவர் சந்தேகப்பட்ட சமையல்காரர்

தெருவிளக்குத் துறையின் தலைமை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை காலை ஒரு கொலை நடக்கும், அதற்கு அனைவரும் தவறாமல் வந்துசேர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது யாரும் பதறவில்லை. அங்கே சுற்றறிக்கை வந்தால் கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளுவார்களே தவிர, படிக்கும் வழக்கம் கிடையாது. படிக்கிறவர் ஒரே ஒருவர்தான். அவர் சின்னக் கணக்கர்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், முன்பு பெரிய கணக்கர் ஒருவர் இருந்ததுதான். பெரியவர் ஓய்வுபெற்றுப் போன பிறகும் இவர் சின்னவராகவே தங்கிவிட்டார். எந்தக் காகிதம் வந்தாலும் இவர் எழுத்துக்கூட்டிப் படிப்பது அறிவுத் தாகத்தால் அல்ல. அதில் எங்காவது தன் மாற்றல் உத்தரவு ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற நப்பாசை.

அவருடைய மனைவி ஒரு கடைக்கோடி ஊரில் செவிலியர். அதற்கு மேல் போக ரோடு இல்லாமல் பஸ் திரும்பிவரும் ஊர். அங்கே துறைக்கு ஒரு கிளை உண்டு. ஓர் அறை, ஓர் ஏணி, காலியாக ஒரு நாற்காலி. தண்டனை பெற்றவர்களைத் தவிர அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை. இவர் அங்கே போக வேண்டும் என்று மனு மேல் மனுவாகப் போட்டுப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் சட்ட ஆலோசகர் ஓரத்தில் ஒரே குறிப்பைத்தான் எழுதினார்: 'இந்த ஊருக்கு எவரும் விரும்பிச் சென்றதாக முன்னுதாரணம் இல்லை. விரும்பிக் கேட்பதால் உள்நோக்கம் இருக்கலாம். நிலுவையில் வைக்கலாம்.' அதன் கீழே துணைத் தலைவர் 'ஆம்' என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டார். மனு துறைத் தலைவரின் கண்ணில் படாமலே திரும்பி வந்தது.

இதற்கிடையில் ஊரில் மகள் நடக்கப் பழகிவிட்டாள். கைபேசியைக் காட்டி 'அப்பா' என்கிறாளாம். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் உள்ளங்கை அளவே இருப்பவர், சார்ஜ் தீர்ந்தால் போய்விடுகிறவர். மனைவி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவரால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

புதிய மனு ஒன்று இப்போது தலைமை எழுத்தர் அம்மாவின் கையில் இருந்தது. அலுவலகமே அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாவுக்குத் தெரியாமல் அங்கே ஒரு பேனா மூடிகூடக் காணாமல் போகாது.

"ஆட்டம் முடிஞ்சதும் ஐயா நல்ல மனசோட இருப்பாரு. அந்தச் சூட்டோட நானே நேரா நீட்டி கையெழுத்து வாங்கிடறேன். உனக்கு ஒரே ஒரு வேலைதான் தம்பி. வாயைத் திறக்காம இரு."

"அது என்னக்கா பெரிய வேலை, வருஷக்கணக்கா அதைத்தானே செய்யறேன்" என்றார் சின்னக் கணக்கர்.

ஆட்டம் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரெல்லாம் தெருவிளக்குகள் பகலில் எரிந்து இரவில் அணைந்தன. அதற்கு யார் பொறுப்பு என்று மேலிடம் கேட்டது. துறை ஆழ்ந்து ஆராய்ந்து, யாரும் இல்லை என்று பதில் அனுப்பியது. துறையினருக்குத் துப்பறியும் திறன் போதவில்லை என்று முடிவுகட்டிய மேலிடம், அதை வளர்க்க ஒரு பயிற்சியாளரை அனுப்பி வைத்தது. அவர் ஒரு பெண். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். முகத்தில் இன்னும் நம்பிக்கை மிச்சமிருந்தது.

கூட்ட அறையின் நீள்வட்ட மேசையில் அட்டையை விரித்தார்கள். ஒரு பங்களாவின் வரைபடம். சமையலறை, நூலகம், தாழ்வாரம், இன்னும் பல அறைகள். பயிற்சியாளர் விளக்கினார்.

"பங்களா முதலாளியைக் கொன்னுட்டாங்க. யாரு, எதை வச்சு, எந்த அறையில? இதுதான் கேள்வி. ஆட்களுக்குச் சீட்டு இருக்கு, ஆயுதங்களுக்குச் சீட்டு இருக்கு, அறைகளுக்கும் இருக்கு. ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணை எடுத்து யாரும் பார்க்காம இந்த உறைக்குள்ள போட்டாச்சு. அதுதான் விடை. மிச்சச் சீட்டு உங்க கைக்கு வரும். உங்க கையில இருக்குற ஆள் கொலைகாரன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். பகடை உருட்டி ஒரு அறைக்குப் போய், 'இன்னார், இந்த ஆயுதத்தால, இந்த அறையில'ன்னு சந்தேகத்தைச் சொல்லணும். அந்த மூணுல ஒண்ணு யார் கையில இருந்தாலும், சந்தேகப்பட்டவருக்கு மட்டும் அதைக் காட்டியே ஆகணும். இப்படி ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தா விடை தானா வந்துடும்."

"காட்டணும்னா?" என்று கேட்டார் துணைத் தலைவர்.

"அவர் சொன்னது தப்புன்னு காட்டணும் சார்."

துணைத் தலைவர் அந்த வாக்கியத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டவர் போல விழித்தார்.

அதற்குள் துறைத் தலைவர் எழுந்து தொடக்க உரை ஆற்றினார். எந்த மேசையின் முன்னால் நின்றாலும் அவருக்கு அது மேடைதான்.

"நண்பர்களே, துப்பறியறதுன்னா என்ன? நமக்கு முன்னாடியே தெரிஞ்சதை மத்தவங்க ஒத்துக்கும்படி செய்யறது. என் சர்வீஸ்ல நான் ஒரு முடிவுகூடத் தப்பா எடுத்ததில்லை. எப்படிச் சொல்றேன்னா, தப்புன்னு இதுவரைக்கும் யாருமே என்கிட்ட சொன்னதில்லை."

கைதட்டினார்கள். துணைத் தலைவர் கொஞ்சம் பிந்தி நிறுத்தினார், தான் கடைசியாக நிறுத்தியது தெரியட்டும் என்று.

ஆட்டம் தொடங்குவதிலேயே சிக்கல் வந்தது. ஒவ்வொருவரும் பங்களா ஆட்களில் ஒருவரின் காயை எடுத்துக்கொள்ள வேண்டும். தலைவர், தன் கையில் கொடுத்த ஊதாக் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஆளும் சந்தேகப் பட்டியல்ல உண்டா?"

"எல்லாருமே உண்டு சார். காய் சும்மா நகர்த்தத்தான்."

"நான் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவன்மா."

சட்ட ஆலோசகர் ஆமோதித்தார். தலைவர் அந்தஸ்தில் உள்ளவரைச் சந்தேகிக்க மேலிடத்தின் முன் அனுமதி வேண்டும் என்றார். கடைசியில் தலைவருக்காக அவருடைய மேசையிலிருந்த கண்ணாடிக் காகித எடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது நாலு அறைகளை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதனால் தலைவர் ஒரே நேரத்தில் நாலு அறையிலும் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. தலைவர் இருக்கும் அறைக்குள் அனுமதியில்லாமல் நுழைவது முறையாகாது என்பதால் மற்ற காய்கள் எல்லாம் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றன.

பகடையும் சரிப்படவில்லை. தலைவர் உருட்டினார், இரண்டு விழுந்தது. துணைத் தலைவர் குனிந்து பார்த்து, "ஆறு" என்றார்.

"சார், அது ரெண்டு" என்றார் பயிற்சியாளர்.

"உங்க பக்கத்துல இருந்து பார்த்தா ரெண்டா இருக்கலாம்" என்றார் துணைத் தலைவர் பெருந்தன்மையோடு.

அடுத்தது சீட்டு. எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னதும் தலைவரின் புருவம் ஏறியது. பதவிக்கேற்றபடி பங்கிடுவது என்று முடிவாயிற்று. தலைவருக்குக் கைகொள்ளாத கட்டு. துணைத் தலைவருக்கும் சட்ட ஆலோசகருக்கும் அவரவர் தகுதிக்கு. அக்காவுக்கு இரண்டு. சின்னக் கணக்கருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சீட்டு.

அது சமையல்காரர் சீட்டு.

ஒரே சீட்டு கையில் இருந்தால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்னக் கணக்கர் பார்த்தார். குண்டான ஆள். கோணலாகக் கட்டிய மேலங்கி, கையில் கரண்டி. மற்ற சீட்டுகளில் உள்ளவர்கள் எல்லாம் நேராக முறைத்துப் பார்ப்பார்கள் போலிருக்கிறது, இவர் மட்டும் அடுப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அடிபிடித்துவிடும் கவலை. பார்க்கப் பார்க்கச் சின்னக் கணக்கருக்கு அந்த ஆள்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கொலை செய்ய இந்த மனுஷனுக்கு நேரம் ஏது?

முதல் சந்தேகம் தலைவருடையது. அவர் சீட்டுகளைப் பார்க்கக்கூட இல்லை. கவிழ்த்து வைத்துவிட்டு, கோப்பில் கையெழுத்துப் போடும் வேகத்தில் சொன்னார்.

"சமையல்காரன். கயிறு. நூலகம்."

"இப்போ பதவி வரிசையில அடுத்தவர் காட்டணும்" என்று துணைத் தலைவரைப் பார்த்தார் பயிற்சியாளர்.

துணைத் தலைவர் கையில் கயிறு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னக் கணக்கருக்கே அது நன்றாகத் தெரிந்தது. துணைத் தலைவர் சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லை. ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடுத்து சட்ட ஆலோசகர். அவர் கையில் நூலகம் இருந்தது. அவர் பொய் சொல்லும் ஆள் அல்ல. "என் கையில ஒரு நூலகம் இருக்குன்னே வச்சுக்குவோம். ஆனா ஐயா மனசுல நினைச்ச நூலகம் இதுதான்னு எங்கேயும் எழுதியில்லை. அந்தச் சந்தேகத்தோட பலன் ஐயாவுக்குத்தான் போகணும்" என்று சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அக்காவிடம் சம்பந்தப்பட்ட சீட்டு எதுவும் இல்லை. இல்லை என்றார். அந்தச் சுற்றில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

கடைசியாகச் சின்னக் கணக்கர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அக்கா கண்ணாலேயே வாயைத் தைத்தார். சமையல்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு குழந்தை கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும். சின்னக் கணக்கர் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். அதை இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"முடிஞ்சுது" என்றார் தலைவர். "ஒரே ரவுண்டு. உறையைப் பிரிங்க."

பிரித்தார்கள். டாக்டர், விஷப் புட்டி, தாழ்வாரம்.

பயிற்சியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குற்றச்சாட்டு தப்பாகப் போனால் அந்த ஆட்டக்காரர் வெளியே, இனி மற்றவர்களுக்குச் சீட்டுக் காட்ட மட்டும்தான் உரிமை என்ற விதியைப் படித்தார். பாவம், அவர் விதிகளை மதிக்கிறவர்.

"உறையில தப்பு இருக்கு" என்றார் தலைவர் அமைதியாக.

"உறைதானே சார் விடை?"

"உறையில சீட்டைப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க நிரந்தரமா, ஒப்பந்தமா?"

"ஒப்பந்தம்."

சட்ட ஆலோசகர் இதற்காகவே பிறந்தவர் போல நிமிர்ந்தார். ஒப்பந்தப் பணியாளர் போட்ட உறை நிரந்தரப் பணியில் உள்ள தலைவரைக் கட்டுப்படுத்தாது, உறையைத் திருத்தலாம் என்று தீர்ப்பு வழங்கினார். பயிற்சியாளர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் புட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திரும்பக் கேட்கக்கூட மனமில்லாமல் கிளம்பிவிட்டார். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினார். நல்ல வளர்ப்பு.

உறையைத் திருத்தும் பணி தொடங்கியது. டாக்டரும் விஷப் புட்டியும் தாழ்வாரமும் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக உள்ளே போக வேண்டிய மூன்று சீட்டுகள் வேண்டுமே.

"கயிறு யார்கிட்ட இருக்கு?" என்றார் தலைவர்.

சற்றுமுன் ஒன்றும் இல்லை என்றவர் துள்ளி எழுந்தார். "ஐயா கேப்பீங்கன்னு பத்திரமா வச்சிருந்தேன்" என்று இரண்டு கையாலும் நீட்டினார் துணைத் தலைவர். தலைவர் கண்ணில் ஈரம் பளபளத்தது. சட்ட ஆலோசகர் நூலகத்தைக் கொடுத்து, இப்போது தீர விசாரித்ததில் இரண்டும் ஒரே நூலகம்தான் என்று தெளிவாகிவிட்டது என்றார்.

"சமையல்காரன்?"

சின்னக் கணக்கர் கையை நீட்டினால் போதும். பத்திரமா வச்சிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்து, பஸ், மகள். கை பாதி தூரம் போகவும் செய்தது. சீட்டில் அந்தக் குண்டு மனுஷன் இன்னும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், தன்னைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்றுகூடத் தெரியாமல். கை அங்கேயே நின்றுவிட்டது.

"ஐயா, இவர் செய்யலை" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையதுதான் என்று புரிய சின்னக் கணக்கருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்ன?"

"சமையல்காரர் செய்யலை ஐயா. சீட்டு ஆரம்பத்துல இருந்தே என் கையிலதான் இருக்கு. நீங்க சொன்னது தப்பு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். துணைத் தலைவர், நாற்காலியைச் சத்தமில்லாமல் சின்னக் கணக்கரிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார். தலைவருக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் பழக்கமில்லாத வார்த்தை அது, உள்ளே போய்ச் சேர நேரம் எடுத்தது.

அங்கேயே, அந்தப் பங்களா அட்டையின் முன்னாலேயே, விசாரணை நடந்தது.

"அப்பவே ஏன் காட்டலை?" என்றார் சட்ட ஆலோசகர்.

"யாருமே காட்டலையே சார். கயிறும் நூலகமும்கூட..."

"அதை இதோட சேர்க்காதீங்க. துணைத் தலைவர் மறைச்சது விசுவாசம். நான் மறைச்சது சட்ட விளக்கம். நீங்க மறைச்சது மறைப்பு. மறைச்சது ஒரு குத்தம், காட்டினது அதைவிடப் பெரிய குத்தம்."

"அப்போ நான் என்னதான் சார் செஞ்சிருக்கணும்?"

"அதைச் சொல்றது எங்க வேலை இல்லை."

தலைவருக்குள் வார்த்தை இப்போது போய்ச் சேர்ந்துவிட்டது. காகித எடையைத் தூக்கி மேசையில் ஓங்கி வைத்தார். தாழ்வாரத்தில் நின்ற காய்கள் எல்லாம் படுத்துவிட்டன.

"இந்த ஆள் இனி என் கண்ணுல படக்கூடாது. நம்ம துறையிலயே ரொம்ப மோசமான இடம் எது?"

துணைத் தலைவர் மூச்சு விடாமல் அந்தக் கடைக்கோடி ஊரின் பெயரைச் சொன்னார்.

சின்னக் கணக்கர் மேசைக்கு அடியில் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அங்க போறதுன்னா செத்த மாதிரி" என்றார் தலைவர் திருப்தியாக. "இவனுக்கு அங்க யாரும் கிடையாது. போக இஷ்டமே இருக்காது. போனா அழுவான். நான் சொல்றது சரிதானே?"

சொல்லிவிட்டு, காலையில் பழகிய பழக்கத்தில், மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தார்.

துணைத் தலைவர் முகம் சட்டென்று மாறியது. மனுக்களில் 'ஆம்' எழுதிக் கோடு போட்ட கை அவருடையது. எதற்கு 'ஆம்' என்று எழுதினார் என்பது இப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். தலைவர் சொன்னது தப்பு என்று அதற்குள்ளிருந்து வெளியே வர வேண்டும். வரவில்லை. அந்தத் தொண்டைக்கு அது பழக்கமில்லை.

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் பலவீனமாக.

அடுத்து சட்ட ஆலோசகர். 'விரும்பிக் கேட்பதால்' என்று ஒவ்வொரு மனுவிலும் தன் கையால் எழுதியவர். அவர் மேற்கூரையை அண்ணாந்து பார்த்து யோசித்தார். "ஒருத்தருக்கு எதுல இஷ்டம்ங்கறது சட்டத்தோட வரம்புக்குள்ள வராது" என்றார்.

அக்காவின் முன்னால் மனு இருந்தது. அவர் பதற்றமே இல்லாமல் பிஸ்கட் தட்டை நகர்த்தி அதன் மேல் வைத்தார். "பாவம் ஐயா, குடும்பஸ்தன். அவ்வளவு தூரம் அனுப்பணுமா?" என்று ஒரு பெருமூச்சு வேறு விட்டார்.

அக்கா இரக்கப்பட்டதும் தலைவருக்கு வேகம் கூடிவிட்டது. "இன்னைக்கே அனுப்பணும்" என்றார்.

இப்போது சின்னக் கணக்கர் முறை. அந்த மேசையில் யாரிடமும் இல்லாத அளவுக்குப் பெரிய சீட்டு இப்போது அவரிடம் இருந்தது. ஒரு மனைவி, ஒரு மகள், கடைக்கோடியில் ஒரு வீடு. கொஞ்சம் முன்னால் அட்டையில் அச்சடித்த ஒரு சமையல்காரருக்காக உண்மையைப் போட்டு உடைத்தவர்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும் என்று அவருக்குத் தோன்றியது. உதட்டோரம் ஓடிவந்த சிரிப்பைக் கடித்து விழுங்கினார். அதில் கண்ணில் நீர் வந்தது.

"ரொம்ப தூரமாச்சே ஐயா" என்றார்.

"தூரம்தான்" என்று சொல்லி, அக்கா கையோடு எழுதித் தந்த உத்தரவில் தலைவர் கையெழுத்துப் போட்டார். அவர் பேனா இவ்வளவு உற்சாகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை.

உறைக்குள் போகச் சமையல்காரர் சீட்டு கிடைக்காததால் ஒரு துண்டுக் காகிதத்தில் 'சமையல்காரர்' என்று எழுதி, சட்ட ஆலோசகர் சான்றொப்பமிட்டு, கயிறோடும் நூலகத்தோடும் சேர்த்து அரக்கு வைத்து மூடினார்கள். துறை ஒரே சுற்றில் கொலையைக் கண்டுபிடித்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. மேலிடம் பாராட்டியது. தெருவிளக்குகள் பகலில் எரிந்துகொண்டிருந்தன.

சின்னக் கணக்கர் தோளைத் தொங்கப் போட்டபடி வராந்தா முழுக்க நடந்து, வழியில் ஆறுதல் சொன்னவர்களிடமெல்லாம் மூக்கை உறிஞ்சிவிட்டு, படிக்கட்டு திரும்பியதும் கைபேசியை எடுத்தார்.

"கிடைச்சிடுச்சு" என்றார்.

"எது?" என்றாள் மனைவி.

"மாத்தல். அங்கேயேதான். நாளைக்கே வேலையில சேரணுமாம்."

அந்தப் பக்கம் குழந்தையை எங்கோ இறக்கிவிடும் சத்தம்.

"நிஜமாவா? எப்படிங்க கொடுத்தாங்க?"

"தண்டனையா."

"தண்டனையா? நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?"

"அவர் சொன்னது தப்புன்னு சொன்னேன்."

"நீங்களா?" என்று கேட்டவள் கொஞ்ச நேரம் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் அவளுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. மருத்துவமனையில் அவளுக்கும் ஒரு தலைவர் உண்டு, அந்த ரக மனுஷர்களை அவளுக்குத் தெரியும்.

"சரி சரி, பேசிக்கிட்டு நிக்காதீங்க. துணி மூட்டையெல்லாம் அப்புறம் வந்து எடுத்துக்கலாம்" என்றாள். "அவர் மனசு இரங்கி உங்களை மன்னிச்சுத் தொலைக்கறதுக்குள்ள முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேருங்க."